காஞ்சிபுரத்துப் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும்

காஞ்சிபுரத் தறிகளில் ஆண்களுக்கென நெய்யப்படும் சபை உடை இரண்டே துணிகள்: இடுப்பில் கட்டுவதற்குப் பட்டு வேட்டி, தோளில் இட அங்கவஸ்திரம். கத்தரியோ ஊசியோ இவற்றில் படுவதில்லை. தறியை விட்டு இறங்கும்போதே உடை முழுமை பெற்றுவிடுகிறது. பஞ்சகச்சத்துக்கான இணையைக் கடைகளில் 9×5, 10×6 என்று கேட்டு வாங்குவார்கள். முதல் எண் வேட்டியின் நீளம், அடுத்தது அங்கவஸ்திரத்தின் நீளம். இரண்டும் முழக் கணக்கு. ஒரு முழம் ஏறக்குறைய 18 அங்குலம். கரையில் மயில்கண் போன்ற சிறு வேலைப்பாடுகள் சரிகையில் வரும்.

தைக்காத இந்த உடை மரபின் பழஞ்சான்று ஊரிலேயே கல்லில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டு வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவ மன்னர்களின் வரலாறு, இரண்டாம் நந்திவர்மனின் முடிசூட்டு விழா உட்பட, புடைப்புச் சிற்பங்களாக உள்ளது. அரசவையில் நிற்பவர்களின் அரையில் ஆடை. மார்பு பெரும்பாலும் திறந்தே இருக்கிறது.

கல் நின்ற அளவு துணி நிற்கவில்லை. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய, பொன்முலாம் பூசிய வெள்ளி. நைந்த பட்டை விலைக்கு வாங்கி, எரித்து, வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வழக்கம் எத்தனையோ தாத்தாக்களின் கல்யாண வேட்டிகளைக் கொண்டுபோயிற்று. பெட்டியில் தப்பியவையும் மடித்த இடத்தில் இற்றுப்போகும். அதனால்தான் அருங்காட்சியகங்கள் நீளத் துணிகளை மடிக்காமல் உருளையில் சுற்றி வைக்கின்றன. காட்சிக்கு வைக்கும்போது வெளிச்சம் 50 லக்ஸுக்கு மிகாமல் பார்த்துக்கொள்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணிகளைப் பெரிய அளவில் தொகுத்தவர் லண்டன் இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன். 1866இல் அவர் வெளியிட்ட 18 தொகுதிகளில் தலைப்பாகை, வேட்டி, புடவை என 700 மாதிரிகள் ஒட்டப்பட்டன. நீளம், அகலம், எடை, கிடைத்த ஊர் ஆகியவையும் குறிக்கப்பட்டன. ஆங்கிலேய ஆலை முதலாளிகள் பார்த்து நெய்து இந்தியச் சந்தையைப் பிடிக்க வேண்டும் என்பதே நோக்கம். உருவான 20 படிகளில் 13 பிரிட்டனில் வைக்கப்பட்டன, 7 இந்தியாவுக்கு வந்தன. பருத்தி ஆலை நகராக இருந்த பிரஸ்டனின் ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு படி இன்றும் இருக்கிறது. நெசவாளிக்கு எதிராகச் செய்த வேலைதான் அவன் கைத்திறனுக்குச் சாட்சியாக நிற்கிறது. ஆனால் அதில் உள்ளவை வெட்டிய துண்டுகள். முழ அளவு குறையாத ஒரு வேட்டியை அங்கே பார்க்க முடியாது.

காஞ்சிபுரத்து வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய இணைகள் உருக்குபவர் கைக்குப் போகக் கூடாது. உடுத்தியவரின் கல்யாணப் படத்தோடு சேர்த்து அவை அருங்காட்சியகத்துக்குத் தரப்பட வேண்டும்.