உலகம் சுற்றும் தமிழன்

ஏ.கே.செட்டியார் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1911-ல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். முழுப்பெயர் அ.கருப்பன் செட்டியார். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். பிறகு டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். வட்டித் தொழிலுக்குப் பேர்போன ஊர்க்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது அந்தக் காலத்தில் விசித்திரம்தான்!

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அன்று காந்தி பிறந்தநாள். அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தால் என்ன என்று தோன்றியது. அப்போது அவருக்கு வயது 26கூட ஆகவில்லை.

காந்தியைப் பலரும் படம் பிடித்திருந்தார்கள். ஆனால் அந்தப் பிலிம் சுருள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி லண்டன், தென்னாப்பிரிக்கா என்று சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்தார். முப்பது ஆண்டுகளில் நூறு கேமராக்காரர்கள் எடுத்த 50,000 அடி பிலிம் சேர்ந்தது. அதை வெட்டி 12,000 அடியாக்கி, 1940-ல் தமிழில் வெளியிட்டார். காந்திக்கோ சினிமா என்றாலே பிடிக்காது என்பது வேறு விஷயம்.

படம் வந்தது போர்க்காலத்தில், வெள்ளைக்காரன் ஆட்சியில். நிலைமை சரியில்லாததால் படத்தைப் பத்திரப்படுத்த வேண்டியதாயிற்று. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் வந்தது. செட்டியாரோ 'குமரி மலர்' மாத இதழ், பயணக் கட்டுரைகள் என்று அமைதியாக இருந்துவிட்டார். தன்னைப் பற்றி அதிகம் எழுதிக்கொள்ளவில்லை. 1983-ல் காலமானார்.

அந்தத் தமிழ்ப் படம் பின்னர் தொலைந்துபோனது. பல ஆண்டுகள் கழித்து, வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதியின் தேடலில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலப் பிரதி கிடைத்தது.