கூடுவதற்கு ஒரு களம்

அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்து, கூடைகள் இறங்கி, லயம் எனப்படும் வரிசைவீடுகளின் அடுப்புகளில் புகை எழும்பும் வேளையில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாரியம்மன் கோயிலுக்கு மேலேயுள்ள பாறையின்மீது, ஒரே கைப்பேசியைச் சூழ்ந்து நான்கு இளந்தாரிகள் உட்கார்ந்திருப்பதைக் காணும் வெளியூர்ப் பிரயாணி, அவர்கள் ஏதோ சினிமாக் காட்சியில் லயித்திருக்கிறார்கள் என்று எண்ணிக் கடந்து செல்லக்கூடும். உண்மையில் அங்கே நடப்பது ஒரு விளையாட்டுக் கழகத்தின் நிர்வாக சபைக் கூட்டம். தலைவர் பாறைமேல் இருக்கிறார். செயலாளர் கொழும்பில் தாம் வேலை செய்யும் கடையின் பின்கட்டிலிருந்து பேசுகிறார். பொருளாளர் கீழ் டிவிஷனில், தம் வீட்டு வாசற்படியில் நின்றபடி, கணக்குக் கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார். சங்கத்து நடைமுறை யாவும் வழுவாமல் நடைபெறுகின்றன. சபையோர் ஓரிடத்தில் இல்லை என்பது ஒன்றே புதுமை.

இப்புதுமையைத் தற்காலத்து விஞ்ஞானத்தின் விந்தை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், மலைநாட்டின் சரித்திரத்துக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். ஏனெனில் ஹற்றன், நுவரெலியாப் பிரதேசத்துத் தேயிலைத் தோட்டங்களில், ஜனங்கள் ஓரிடத்தில் கூடுவது என்பது ஒருபோதும் சாமானியமான காரியமாக இருந்ததில்லை. யார் கூடலாம், எங்கே கூடலாம், யாருடைய அனுமதியின்பேரில் கூடலாம் என்ற மூன்று கேள்விகளையும் சுற்றியே அங்கே ஒன்றரை நூற்றாண்டுக் கால வாழ்வு சுழன்று வந்திருக்கிறது.

ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், அடுத்த இரு தசாப்தங்களில் கோப்பிச் செடிகள் இலைநோயால் மாண்டு அவ்விடத்தைத் தேயிலை பிடித்ததும் யாவரும் அறிந்த கதை. அத்தேயிலைக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்களுக்குத் தோட்டம் ஒரே ஒரு பொதுக் கூட்டத்தைத்தான் விதித்திருந்தது. விடியுமுன் தப்பு முழங்கும். ஆணும் பெண்ணும் லயத்தை விட்டு வெளியேறிப் பெரட்டுக்களத்தில் வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் பதிய, இன்ன மலைக்கு இத்தனை ஆள் என்று துரை பிரித்து அனுப்புவார். ஒரு தோட்டத்து ஜனங்கள் முழுவதும் ஒருவரையொருவர் முகம் பார்த்து நிற்கும் அந்த ஒரே நேரத்தில் பேசும் உரிமை அவர்களுக்கு இல்லை. நிற்கும் கடமை மட்டுமே இருந்தது.

அதே மலைகளில் வாழ்ந்த துரைமாரின் நிலைமையோ முற்றிலும் வேறு. தோட்டத்துக்குத் தோட்டம் பல மைல் தூரம்; வழியெல்லாம் சரிவும் மழையும் அட்டையும்; தோட்டத்துக்கு ஒருவர் அல்லது இருவராகச் சிதறிக் கிடந்த அவர்களுக்கும் தூரம் ஒரு பெரும் துன்பமாகவே இருந்திருக்க வேண்டும். ஆயினும் அத்தூரத்தை வெல்வதற்கு வேண்டிய சாதனங்கள் யாவும் அவர்களுக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1854ஆம் ஆண்டிலேயே தோட்டத் துரைமார் சங்கம் கண்டியில் ஸ்தாபிக்கப்பட்டது. இருப்புப்பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், அதற்கடுத்த ஆண்டில் நானுஓயாவுக்கும் ஏறியது. தினந்தோறும் தபால் பையைத் தோளில் சுமந்து மலை ஏறி இறங்கிய தபால்காரனுடைய கால்கள், ஒரு துரையின் அழைப்பை மற்றொரு துரையின் பங்களாவுக்குக் கொண்டு சேர்த்தன. கிரிக்கெட்டும் ரக்பியும் டென்னிஸும் ஆடுவதற்கென்று டிக்கோயாவைச் சேர்ந்த தரவளையிலும், திம்புலைப் பகுதியின் ரதல்லையிலும் மைதானங்களும் மனமகிழ் மன்றங்களும் எழுந்தன; நுவரெலியாவில் 1876இல் ஹில் கிளப்பும் 1889இல் கோல்ப் சங்கமும் தோன்றின. பிற்காலத்தில் வெளிநாட்டுக் கிரிக்கெட் அணிகளும் வந்து ஆடிச் சென்ற பசும்புல் தரை ரதல்லையினுடையது.

இவற்றை வெறும் கேளிக்கைக் கூடங்கள் என்று கருதுவது பிழை. மாலையில் பந்தாடிவிட்டு ஒன்றாக அமர்ந்த இடத்தில்தான் கொழுந்தின் விலையும், ஆட்களின் கூலியும், எந்தத் தோட்டத்தில் யார் முறுமுறுக்கிறார்கள் என்ற செய்தியும் பரிமாறப்பட்டன. விளையாட்டுக் களம் அவர்களுக்கு ஆலோசனைச் சபையாகவும் அமைந்தது. அம்மைதானங்களின் புல்லை வெட்டிப் பராமரித்த தொழிலாளிக்கு, ஆட்டம் தொடங்கிய பிறகு எல்லைக் கோட்டுக்கு வெளியேதான் இடம்.

தொழிலாளருக்கென்று ஒரு சங்கம் தோட்டப் பகுதியில் உருவாக 1931ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. துரைமார் சங்கம் பிறந்து 77 ஆண்டுகள் கழித்து, தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டம் என்பது தனியார் சொத்து. அனுமதியின்றி உள்ளே கால் வைத்தவன் அத்துமீறிப் பிரவேசித்தவன். சட்டம் அவன்மேல் பாயும். ஆகையால் நடேசய்யர் ஆரம்பத்தில் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, துணிமூட்டையைச் சுமந்து, லயம் லயமாகச் சென்று மக்களின் நிலையை நேரில் கண்டறிந்தார் என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாக இயற்றி மேடைகளில் பாடினார். அச்சிட்ட பாட்டுப் புத்தகம், ஆள் நுழைய முடியாத லயத்துக்குள்ளும் நுழைந்தது. வர இயலாதவனிடத்துக்குக் கூட்டத்தின் குரலை அனுப்பிவைக்கும் வித்தையை மலைநாடு அப்போதே கற்றுக்கொண்டுவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

1937ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நாவலப்பிட்டியில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில், தோட்டத்தில் சின்னத்துரையாகப் பணியாற்றிய பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை வாலிபர் தொழிலாளர் பக்கம் நின்று பேசியபோது, அரசாங்கம் அவரை நாடுகடத்தவே ஆணையிட்டது. உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்று தீர்த்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது போலீசாரின் துப்பாக்கிக் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அவ்வாண்டிலேயே தொழிற்சங்கங்களுக்கும் துரைமாருக்கும் இடையே ஏழு அம்ச உடன்படிக்கை ஏற்பட்டது. கூடுவதற்கான உரிமையை இம்மக்கள் எத்தகைய விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதற்கு இவ்விரண்டு சம்பவங்களே போதுமான சாட்சி.

சங்கக் கூட்டத்துக்கு இத்தனை தடை இருந்த இடத்தில், கோயிலும் விளையாட்டும் மட்டும் ஓரளவு தப்பிப் பிழைத்தன. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டல், ஆடித் திருவிழாக் காலத்துக் கோயில் வாசல், கிளித்தட்டும் சடுகுடுவும் ஆடும் லயத்து முற்றம் ஆகிய இவையே தோட்டத்து ஜனங்கள் தமக்காகத் தாமே கூடிய களங்கள். பிற்காலத்தில் கரப்பந்தும் உதைபந்தும் மென்பந்துக் கிரிக்கெட்டும் வந்து சேர்ந்தபோது, அவற்றை ஆடிய இளைஞர்கள் விளையாட்டுக் கழகம் என்று பெயர் சூட்டிக்கொண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகளை வகுத்து, சந்தா வசூலித்து, கூட்டக் குறிப்புப் புத்தகம் வைத்துக்கொண்டார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாட்டின் பிரஜைகள் அல்லாதவராக்கப்பட்டு, வாக்குரிமையும் இழந்துநின்ற ஒரு சமூகத்தின் பிள்ளைகள், ஒருவரைப் பிரேரிப்பதும் மற்றொருவர் ஆமோதிப்பதும் கைதூக்கித் தெரிவு செய்வதுமாகிய ஜனநாயக ஆசாரங்களைத் தம் விளையாட்டுக் கழகத்தில் இடையறாது பயின்றுவந்தார்கள் என்பதை நினைக்கும்போது என் நெஞ்சு கனக்கிறது. 1979இல் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்துக்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, நாடெங்கும் இளைஞர் கழகங்கள் பெருகியபோது, தோட்டத்து இளைஞர்கள் அவ்வமைப்புக்குள் எளிதில் பொருந்தியதற்கு இப்பயிற்சியும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஆனால் களம் மட்டும் அவர்களுடையதாகவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992க்குப் பின் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியபோதும், மைதானத்தில் ஒரு போட்டி நடத்த வேண்டுமானால் தோட்ட முகாமையாளருக்கு விண்ணப்பக் கடிதம் எழுத வேண்டும் என்ற வழக்கம் மாறாமலே இருந்தது. இதற்கிடையே கழகத்தின் அங்கத்தவரும் சிதறத் தொடங்கினர். படித்த பிள்ளை கொழும்புக்குக் கடை வேலைக்கும், ஹோட்டல் வேலைக்கும், கடல் கடந்தும் போனான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே ஊர் திரும்பினான். கழகத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் தீபாவளி லீவுக்குள் முடிந்தாக வேண்டிய அவசர காரியமாயிற்று. திறமை இல்லாத குறையன்று இது. 1920இல் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்த ஒரு தொழிலாளியின் பேரன், கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன், 2010 ஜூலையில் காலி மைதானத்தில் டெஸ்ட் கிரிக்கெட்டின் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தியதை உலகமே பார்த்தது. கையில் வித்தை இருக்கும் பிள்ளைகளை ஒன்றுசேர்க்கும் அமைப்புத்தான் லயங்களில் இடைவிடாது அறுந்து அறுந்து போயிற்று.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை, கொள்ளை நோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமலுக்கு வந்தது. பள்ளிக்கூடம் மூடிற்று; மைதானம் வெறிச்சோடிற்று; கோயில் திருவிழா நின்றது. தேயிலைத் தொழிலுக்கு விலக்கு அளிக்கப்பட்டமையால் கொழுந்து பறிப்பது மட்டும் தொடர்ந்தது; தோட்டத்தின் பழைய கூட்டமாகிய பெரட்டு கலையவில்லை. அக்காலத்தில்தான், உலகம் முழுவதும் அலுவலகங்கள் வீடுகளுக்குள் புகுந்ததைப் போலவே, தோட்டத்துக் கழகங்களும் கைப்பேசிக்குள் புகுந்தன. முதலில் வாட்ஸ்அப் குழு; பிறகு சூம் கூட்டம். கட்டணமில்லாக் கூட்டம் 40 நிமிஷத்தில் அறுந்துவிடும் என்பதனால், நிகழ்ச்சி நிரலை முற்பகலிலேயே குழுவில் இட்டுவிடுவதும், விவாதத்தை அளவோடு நிறுத்துவதும் பழக்கமாயின. அலைவரிசை எட்டாத டிவிஷன்காரர் தம் கருத்தைக் குரற்பதிவாக முன்கூட்டி அனுப்ப, கூட்டத்தில் அது எல்லோரும் கேட்க ஒலிக்கவிடப்பட்டது. போட்டி அட்டவணைக்கான குலுக்கலை எல்லா அணித்தலைவர்களின் கண்ணெதிரே கமெராவின் முன் நடத்தியபோது, சீட்டு மாற்றிவிட்டார்கள் என்ற பழைய சந்தேகத்துக்கு இடமே இல்லாமற் போயிற்று. இருட்டிய பிறகு மைதானத்தடிக்கு வரமுடியாத பெண்பிள்ளைகள், சமையலறையில் இருந்தபடியே கூட்டத்தில் பேச முடிந்தது. இவ்வனைத்திலும் பெரிய நன்மை இதுவே என்பது என் துணிபு. சிறுவர் பங்குகொள்ளும் கூட்டத்தில் பெற்றோரின் சம்மதமும், பொறுப்புள்ள பெரியவர் இருவரின் பிரசன்னமும் அவசியம் என்பதையும் கழகங்கள் விதியாக எழுதிக்கொள்வது நலம். வாசற்கதவு இல்லாத சபைக்கு வாயிற்காவல் இரட்டிப்பாக வேண்டும்.

இவ்விதம் மலைநாட்டு மக்கள் சரித்திரத்தில் முதல் தடவையாக, எவருடைய அனுமதிக் கடிதமும் இல்லாமல் கூடுவதற்கு ஒரு களம் கிடைத்திருக்கிறது. ஆயினும் பழைய துரையின் இடத்தில் புதிய காவலர் சிலர் வந்து நிற்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. அலைவரிசைக் கோபுரம் எந்த மலையைப் பார்த்து நிற்கிறது என்பது ஒரு காவல். நாட்சம்பளத்தில் டேட்டாவுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்பது மற்றொரு காவல். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் ஒரே கைப்பேசியைத் தம்பியின் பாடத்துக்கும் அக்காளின் கூட்டத்துக்கும் பங்கிடுவது மூன்றாவது காவல். இத்தோட்டங்களின் நடுவிலிருந்தே பாயும் நீர், 1950ஆம் ஆண்டு முதல் லக்ஷபானவில் மின்சாரமாகி நாட்டின் நகரங்களை ஒளிரச் செய்தது. அந்த வெளிச்சம் அருகிலிருந்த லயங்களுக்கு ஏறிவர நெடுங்காலம் பிடித்தது. கம்பியில் நேர்ந்த அந்தத் தாமதம் அலைவரிசையிலும் நேராமல் காப்பது, ஆள்வோரின் கடமை மட்டுமன்று, கேட்டுப் பெற வேண்டிய நம்முடைய கடமையும் ஆகும்.

கழகங்களின் பழைய குறிப்புப் புத்தகங்களில் ஒவ்வொரு கூட்டத்தின் தலைப்பிலும் திகதி, நேரம், இடம் என்று மூன்று வரிகள் இருக்கும். மைதானத்தில் கூடிய நாளாயின், அனுமதிக் கடிதத்தின் பிரதியும் அப்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். இன்று அந்த மூன்றாவது வரியில், மேல் டிவிஷன், கொழும்பு, டுபாய் என்று ஊர்கள் அடுக்கி எழுதப்படுகின்றன. ஒட்டுவதற்குக் கடிதம் எதுவும் இல்லை. ஆனால் அதே பக்கத்தின் கீழே, ஏகமனதாக நிறைவேறிய தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் ஓடியாட, மழையில் சேறாகாத, எவரும் பறித்துக்கொள்ள முடியாத ஒரு மைதானம் வேண்டும் என்றுதான் அதில் எழுதியிருக்கும்.