ஒளியைச் சுருக்கி, சொன்ன திசையில் அனுப்ப முடியுமா?

நுண்ணோக்கியில் பாக்டீரியா தெரியும். பெரும்பாலான வைரஸ் தெரியாது. ஏன்?

லென்ஸ் மீது குறையில்லைங்க. ஒளியை அதன் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்கும் குறைவான இடத்தில் குவிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அந்த எல்லை சுமார் 200 நேனோமீட்டர்.

எல்லையைத் தாண்ட ஒரு வழி: ஒளியை எலெக்ட்ரான்களுடன் இணைப்பது.

ஒளி பட்டதும் எலெக்ட்ரான்கள் கூட்டமாக முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் பொருளின் மேற்பரப்பில் அலையாக ஓடும். அதுதான் பிளாஸ்மோன். அதன் அலைநீளம் ஒளியினுடையதைவிட மிகக் குறைவு.

ஓர் அணு தடிமனே உள்ள கிராஃபீன் தகட்டில் ஓடும் அத்தகைய அலைகளை 2012இல் ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் படம்பிடித்தன. ஸ்பெயினில் பார்த்த அலை, பாய்ச்சிய அகச்சிவப்பு ஒளியைவிட 40 மடங்குக்கும் மேல் குறுகியது! மின்னழுத்தத்தை மாற்றி அதைத் தோன்றவும் மறையவும் செய்யலாம்.

சரி, திசை?

குளத்தில் கல் போட்டால் அலை எல்லாப் பக்கமும் பரவுமே, கிராஃபீனிலும் அப்படித்தான். வழிநடத்த வேறு பொருள் வேண்டும்.

வாழைப்பட்டையை நெடுக்காகக் கிழித்தால் நார்நாராக வரும். குறுக்கே கிழிச்சுப் பாருங்க, லேசில் வராது. சில படிகங்களும் அப்படித்தான். மாலிப்டினம் ஆக்ஸிகுளோரைடு ஒரு திசையில் உலோகம்போல் நடந்துகொள்ளும். குறுக்கே மின்கடத்தாப் பொருள்போல் இருக்கும். அதனால் அலை குறிப்பிட்ட திசைகளில் மட்டுமே ஓடும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிற நாட்டுக் குழுக்களுடன் சேர்ந்து 2020இல் இன்னொரு வழியைக் காட்டினர். மாலிப்டினம் டிரையாக்ஸைடின் 2 மெல்லிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலடுக்கைச் சற்றுத் திருப்பினர். குறிப்பிட்ட கோணத்தில் அலை விரியாமல் நேர்கோட்டில் சென்றது. 'மாயக் கோணம்' என்று பெயரும் வைத்தாச்சு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒளியுடன் சேர்ந்து ஆடியவை எலெக்ட்ரான்கள் அல்ல, அணுக்கள். அணுக்களின் அலை எளிதில் அடங்காது, ஆனால் மின்னழுத்தத்தால் அதைக் கட்டுப்படுத்துவது கடினம். எலெக்ட்ரான் அலை சொன்னபடி கேட்கும், ஆனால் சீக்கிரமே வெப்பமாகி மறைந்துவிடும்.

பிளாஸ்மோனைச் சில்லுகளிலும் உணர்கருவிகளிலும் பயன்படுத்தத் தடையாக இருப்பது அந்த இழப்புதான். 2018இல் கிராஃபீனைத் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர்வித்தபோது, அலை 10 மைக்ரோமீட்டருக்கும் அதிகமாக ஓடக்கூடும் என்று தெரியவந்தது. தலைமுடியின் தடிமனைக்கூட அது எட்டாது. கைத்தொலைபேசிக்குள் திரவ நைட்ரஜனை ஊத்தவும் முடியாதே!