தேர்வில் வந்து போன கட்டுரை

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வு 1926இல் தொடங்கியது. விடையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதுமா, சொந்தமாக எழுத வேண்டாமா என்ற கேள்வி பின்னர் வலுத்தது. 2001இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன், இத்தேர்வைக் கைவிடலாம் என்றார். 2005இல் எழுத்துப் பகுதி சேர்க்கப்பட்டது. உச்ச மதிப்பெண் 1600இலிருந்து 2400 ஆனது. கட்டுரைக்கு 25 நிமிடம்.

ஆனால், நீளமான கட்டுரைகளே அதிக மதிப்பெண் பெறுவதை எம்.ஐ.டி. கல்விமான் லெஸ் பெரல்மன் அவ்வாண்டே சுட்டிக்காட்டினார். தகவல் பிழைகளுக்கும் மதிப்பெண் குறைக்கப்படவில்லை.

2016இல் கட்டுரை கட்டாயமில்லை என்றானது. உச்ச மதிப்பெண் மீண்டும் 1600. 2021இல் பொதுத் தேர்விலிருந்து கட்டுரை நீங்கியது.

எழுத்தாற்றல் தேவை என்பது சரியே. அதை 25 நிமிடத்தில் அளக்க முனைந்ததே கோளாறு. மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறதோ, அதைத்தானே பிள்ளைகள் பழகுவார்கள்?