நம் வீட்டுப் பத்திரத்தில் பேசும் பழைய காலம்



கிரயப் பத்திரமோ கோர்ட்டு நோட்டீஸோ கைக்கு வந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "சார், இது தமிழ்தானா?" என்று கேட்கிறீர்கள். தமிழ்தான். ஆனால் நம்மை ஆண்டவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி சொல்லை அதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தச் சொல் எந்தக் காலத்தில் வந்தது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

முதலில் சோழர் காலம். நிலதானக் கல்வெட்டுகளில் "கீழ்பாற்கெல்லை" என்று தொடங்கி, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு என்று நான்கு திசையும் எழுதியிருப்பார்கள். இன்றைய பத்திரத்திலும் அதே நடைதான். "ரோட்டுக்கு மேற்கு" என்று இருந்தால், ரோடு உங்கள் மனைக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு அண்ணன் தம்பிக்குள் சண்டை போடாதீர்கள்.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு நினைவிருக்கிறதா? கிழவராக வந்த இறைவன் சுந்தரரைத் தம் அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படி ஓலைதான்; மூல ஓலை பிறகு சபையில் வருகிறது. பாட்டனார் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். மூலப் பத்திரம், நகல், கையெழுத்துச் சோதனை மூன்றும் 12-ஆம் நூற்றாண்டு நூலிலேயே இருக்கின்றன.

அடுத்தது நவாபு காலம். 1698-இல் செஞ்சிக் கோட்டை முகலாயர் கைக்குப் போனது. பிறகு ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சி. அவர்கள் கச்சேரி நடந்தது பாரசீக மொழியில். அரபி, பாரசீகச் சொற்கள் அந்த வழியாகவே நம் ஊருக்கு மிகுதியாக வந்தன. தாசில் என்றால் வசூல், வசூலிப்பவர் தாசில்தார். கிஸ்தி என்றால் தவணை. பசலி என்பது அறுவடையை ஒட்டிய வரி ஆண்டு. அக்பர் காலத்தில் ஏற்பட்டது. நம் மாநிலத்தில் ஜூலை 1-இல் தொடங்கும். ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் அன்று தொடங்கும் பசலி வரும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434.

கோர்ட்டுச் சொற்களும் அப்படித்தான். ஜாமீன் என்றால் பிணை நிற்பவர். வக்காலத்து என்றால் எனக்காகப் பேச இவருக்கு அதிகாரம் தருகிறேன் என்பது. ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் எழுத்து. ராஜினாமா என்பது முதலில் சம்மதப் பத்திரம். வேலையை விடுவது பின்னால் வந்த பொருள். பினாமி என்றால் பெயர் இல்லாதது. அமீனா வந்தால் வீடே நடுங்கும். ஆனால் அமீன் என்ற அரபிச் சொல்லுக்கு நம்பிக்கைக்கு உரியவர் என்று பொருள். வாய்தாவுக்கு மூலமான அரபிச் சொல்லுக்கு வாக்குறுதி என்று பொருள்! வாய்தா வாங்கி வாங்கிச் செருப்புத் தேய்ந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கும்பெனி. 1801-இல் கர்நாடக ஆட்சி அவர்கள் கைக்கு வந்தது. தாமஸ் மன்றோ முன்னின்று நிலைப்படுத்திய ரயத்துவாரி முறையில் அரசு நேரடியாக உழவரிடம் வரி வாங்கியது. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததே பட்டா. இந்த வரலாற்றை மறந்துவிடாதீர்கள். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே முழு உரிமையைத் தந்துவிடாது. அதனால்தான் நிலம் வாங்கும்போது பட்டாவோடு மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கச் சொல்கிறார்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உயில் என்பதும் தமிழாகிவிட்ட ஆங்கிலச் சொல்தான். "வில்" என்பதே உயில் ஆயிற்று.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன்? கடினமான சொல்லைக் கண்டால் யாரிடமாவது கேட்டுவிடுகிறோம். எளிய சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. விடுதலைப் பத்திரம் என்று ஒன்று. பெயர் இனிமையாக இருக்கிறது. அதில் விடுதலை ஆவது உங்கள் பங்கு. கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்தால் சொத்தில் உங்களுக்கு இருந்த பாத்தியம் மற்றவருக்குப் போய்விடும். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இலும், நாடு முழுமைக்கும் 2005-இலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகும், "சும்மா ஒரு கையெழுத்து, அக்கா" என்று சொல்லிப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போகும் வீடுகள் இருக்கின்றன. மனமறிந்து விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை. அறியாமல் போட்டால் அது இழப்பு.

உயிலுக்கும் செட்டில்மெண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் பெரியவர்கள் கவனியுங்கள். உயில் எழுதியவர் காலத்துக்குப் பின்புதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் எழுதிப் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். மனம் மாறினால் எளிதில் திரும்பாது. குடியிருக்கும் வீட்டை எழுதிக் கொடுப்பவர்கள், தங்கள் ஆயுள்வரை அதில் இருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஆகவே பிள்ளைகளே, எந்தப் பத்திரமானாலும் முதலில் அதன் தலைப்பைப் படியுங்கள். புரியாத சொல்லைக் கோடிட்டு, உங்கள் பக்கத்து வக்கீலிடம் பொருள் கேளுங்கள். பத்திரம் எழுதுபவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவசரம் என்று யார் சொன்னாலும் ஒரு நாள் வீட்டில் வைத்துப் படித்துவிட்டுப் போடுங்கள் கையெழுத்தை.

இதை உங்கள் அக்கா தங்கைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் விளங்காத சொல் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.