காய்ந்த மலத்தில் கிடந்த வரலாறு

வரலாறு எண்டதும் கல்வெட்டும் செப்பேடும் அரசர்களின் பெயர்களும்தான் ஞாபகம் வரும். சரி, எழுத்தே இல்லாத சனம் என்ன சாப்பிட்டது எண்டு எங்க போய்த் தேடுறது? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் குகையொன்றில் அதற்கான பதில் ஒரு புழுவின் முட்டையாகக் கிடைத்தது.

அதன் பெயர் முள்தலைப் புழு. தலையில் உள்ளிழுத்து நீட்டக்கூடிய ஒரு தும்பிக்கை, அதைச் சுற்றிக் கொளுக்கி கொளுக்கியாக முட்கள். வாயும் இல்லை, குடலும் இல்லை. எலி, காட்டுப்பன்றி போன்ற விலங்குகளின் குடற்சுவரில் கொளுவிக்கொண்டு, உணவைத் தோலாலேயே உறிஞ்சி வாழும். இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி 1684 இலேயே இப்படியான புழுக்களைப் பற்றி எழுதிவிட்டார்.

எலியில் வாழும் இனத்தின் கதையைப் பாருங்கோ. முட்டை எலியின் எச்சத்தோடு வெளியே வரும். அதை வண்டோ கரப்பானோ தின்னும். அந்தப் பூச்சிக்குள் குடம்பி வளரும். பூச்சியை எலி பிடித்துத் தின்றால் புழு திரும்ப எலிக்குள் வந்துவிடும்.

இந்தப் புழு மனிதருக்குள்ளும் வளருமா? சிசிலியைச் சேர்ந்த கலண்ட்ருச்சியோ அதைத் தன்ர வயிற்றிலேயே சோதித்துப் பார்த்தார். குடம்பிகளை விழுங்கினார். கொஞ்ச நாளில் வயிற்று வலி, வயிற்றோட்டம், காதில் இரைச்சல். அவருடைய மலத்தில் புழுவின் முட்டைகளும் வந்தன. கிராசி என்பவரோடு சேர்ந்து 1888 இல் இதை வெளியிட்டார். ஆக, குடம்பியுள்ள பூச்சியைச் சாப்பிட்டால் மனிதருக்கும் இது தொற்றும்.

இனி யூட்டாவுக்கு வருவோம். அங்கே பாலைவன ஓரத்தில் இருக்கிறது டேஞ்சர் குகை. வறண்ட இடம் என்பதால் பழைய மனிதர்களின் மலம்கூட அழுகாமல் காய்ந்து கிடந்தது. அதில் முள்தலைப் புழுவின் முட்டைகள் இருந்ததை 1969 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த மலத்தின் வயது ஏறத்தாழ 2,000 தொடக்கம் 3,800 வருடங்கள்.

முட்டை எப்படி அங்கே வந்தது? இரண்டு வழிகள் இருக்கலாம். பூச்சியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டிருந்தால் புழு வயிற்றில் வளர்ந்து முட்டை இட்டிருக்கும். அல்லது எலி போன்ற சின்ன விலங்கைக் குடலோடு சாப்பிட்டிருந்தால், அதற்குள் இருந்த முட்டை சும்மா கடந்து வெளியே போயிருக்கும். இரண்டாவது நடந்திருந்தால் அந்த மனிதருக்கு நோயே இல்லை. முட்டையை மட்டும் பார்த்து எது நடந்தது எண்டு சொல்லிவிட முடியாது.

ஆனால் இரண்டு வழியும் அவர்களின் சாப்பாட்டைத்தான் காட்டுகின்றன. 'சீ, பூச்சியும் எலியுமா?' எண்டு முகம் சுளிக்க முதல், அந்த நிலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பயிர் விளையாத உப்பு மண்ணில் கொழுப்பும் புரதமும் கைக்கெட்டும் தூரத்தில் அவற்றிலும் கிடைத்தன. அரசர்களின் விருந்தை எழுதி வைக்க ஆட்கள் இருந்தார்கள். இந்தச் சனத்தின் சாப்பாட்டுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டை சாட்சியாக மிஞ்சியிருக்கிறது.