கள்வர் எச்சரிக்கை மணி: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டைக் காத்தல் என்பது நெடுங்காலமாக மனிதர் மனிதருக்குச் செய்த பணியாகவே இருந்துவந்தது. கூலிக்கு அமர்த்தப்பட்ட காவலன், இரவில் தெருச்சுற்றும் காவற்காரன், கூக்குரல் கேட்டு ஓடிவரும் அயலவன் ஆகியோரை நம்பியே நகரத்தார் கண்ணயர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே இப்பணியின் ஒரு பகுதி மின்கம்பியிடம் கையளிக்கப்பட்டது. ஒரு பகுதி என்றே கூறல் வேண்டும். கம்பி கள்வனின் வரவை அறிவிக்குமேயன்றி அவனைப் பிடிக்கமாட்டாது. ஆகவே இம்மணியின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அதன் பொறியமைப்பை மட்டுமன்றி, அதன் ஒலியைக் கேட்டு வருபவர் யார் என்பதையும் நோக்குதல் அவசியமாகும்.

மசாச்சுசெட்ஸ் மாநிலத்துச் சமர்வில் நகரைச் சேர்ந்த மதகுருவான அகஸ்தஸ் ரசல் போப், 1853 ஜூன் 21 ஆந் திகதி மின்காந்த எச்சரிக்கை மணிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அதன் தத்துவம் எளிமையானது. கதவு சாத்தியிருக்கும்வரை மின்சுற்றுத் துண்டிக்கப்பட்டிருக்கும். கதவோ யன்னலோ திறக்கப்பட்டதும் சுற்றுப் பூர்த்தியாகும். மின்கலத்திலிருந்து பாயும் மின்னோட்டம் மின்காந்தத்தை இயக்க, அதனோடு இணைந்த சுத்தியல் மணியை அடிக்கும். எனினும் கம்பியை முன்னரே அறுத்துவிடும் கள்வனை இவ்வகை அமைப்புக் காட்டிக்கொடாது. மின்னோட்டம் இடையறாது பாய்ந்துகொண்டிருக்க, அது தடைப்படும்போது மணி ஒலிக்கும் மாற்றுமுறையே இக்குறையை நீக்கியது. இம்முறையில் கம்பி அறுபடுவதுதானே அபாய அறிவிப்பாகிவிடுகின்றது. கள்வனின் சாமர்த்தியம் பொறியியலாளனுக்கு ஆசானாக அமைந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

போப்பின் உரிமையை 1857 இல் விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ், பொஸ்டனில் தொடங்கிய தொழிலை 1859 இல் நியூயோர்க்கிற்கு மாற்றினார். செல்வம் குவியும் நகரிலேயே கள்வர் பயமும் மிகும் என்பதை வணிகரான அவர் உணர்ந்திருந்தார் போலும். ஆயினும், வீட்டினுள் மாத்திரம் ஒலிக்கும் மணி, வீட்டார் எழுந்து எதிர்த்துநிற்க வல்லோராயின் மட்டுமே பயன்தரும். அவர்கள் வெளியூர் சென்றிருப்பின் அது வெற்று அறைகளுக்கே ஒலிக்கும்.

மத்திய நிலையம் என்ற ஏற்பாடு இக்குறைக்கு விடையாக அமைந்தது. பங்குவிலைகளை அறிவிக்கும் தந்திப்பொறியை 1867 இல் ஆக்கிய எட்வேட் கலகன், வீடுகளைக் கம்பியால் ஒரு காரியாலயத்துடன் இணைக்கும் முறையை 1870களின் தொடக்கத்தில் வகுத்தார். வீட்டிலுள்ள சிறு பெட்டியின் பிடியைத் திருப்பிவிட்டால் அதனுள் இருக்கும் பற்சில்லு சுழன்று, அவ்வீட்டின் இலக்கத்திற்கேற்ப மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும்; காரியாலயத்துக் கடதாசி நாடாவில் அவ்விலக்கம் பதிவாகும். 1874 இல் ஏ.டி.ரி. எனப்பட்ட அமெரிக்க மாவட்டத் தந்திக் கொம்பனி தோன்றியது. அயலவனின் செவி இருந்த இடத்தைக் கட்டணம் பெறும் ஊழியனின் செவி பெற்றுக்கொண்டது.

ஹோம்சின் கம்பிகளோ இரவில் மட்டுமே பயன்பட்டுப் பகலில் சும்மா கிடந்தன. 1877 மே மாதத்திலே, அவரது பொஸ்டன் காரியாலயத்தில் அக்கம்பிகளுடன் தொலைபேசிகள் பூட்டப்பட்டு, வங்கிகள் தம்முள் உரையாட வசதி செய்யப்பட்டது. தொலைபேசி இணைப்பகத்தின் பூர்வீகங்களுள் ஒன்று கள்வர் மீதான அச்சம் என்பது பலரும் அறியாத செய்தி.

காவல் ஒரு பண்டமானதும், பண்டத்துக்குரிய விதிகள் அதற்கும் பொருந்தலாயின. 1907 ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின் மூலம் கொம்பனிகள் நகரங்களைத் தமக்குள் பங்கிட்டு, ஒன்றன் எல்லையுள் மற்றொன்று புகாதிருக்க இணங்கின. பின்னர் கிரினெல் கொம்பனி, ஏ.டி.ரி., ஹோம்ஸ் நிறுவனம், ஏ.எவ்.ஏ. என்னும் மூன்றையும் தன் கட்டுப்பாட்டினுள் கொணர்ந்தது. காப்புறுதிக் கொம்பனிகளின் அங்கீகாரம் பெற்ற மத்திய நிலையச் சேவையில் 87 வீதம் இக்கூட்டின் கையில் இருந்தது. அவ்வங்கீகாரம் இருந்தாற்றான் காப்புறுதிக் கட்டணம் குறையுமாதலின், வாடிக்கையாளர் வேறிடம் செல்வது எளிதன்று. 1966 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் இதனைச் சட்டவிரோதமான ஏகபோகம் எனத் தீர்த்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் என்ற கறுப்பினத் தாதி, மின்தொழில் அறிந்த தம் கணவர் அல்பேட்டுடன் சேர்ந்து ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். நேரங்கெட்ட நேரத்தில் வேலைக்குப் போய்வந்த அவர் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தது. பொலிசாரோ அழைத்தாலும் தாமதித்தே வந்தனர். மேற்கூறிய நிறுவனங்களின் வரலாற்றில் இடம்பெறாத வீடு அது. கதவிலே வெவ்வேறு உயரங்களில் அமைந்த நான்கு துளைகளின் ஊடாக நகரும் கமரா, படுக்கையறையில் தொலைக்காட்சித் திரை, வந்தவனுடன் பேச ஒலிவாங்கி, தொலைவிலிருந்தே கதவைத் திறக்கும் வானொலி விசை ஆகியவற்றை அவர்கள் ஒன்றிணைத்தனர். 1969 டிசம்பர் 2 ஆந் திகதி உரிமை வழங்கப்பட்டது. அபாயத்தை அறிவிக்கும் பொத்தானும் அதில் இருந்தது. ஆனால் உதவி வந்துசேரும்வரை கதவின் மறுபுறத்தில் நிற்பவன் யாரென அறிந்துகொள்ளும் வசதியையே அத்தாதி முதன்மையாகக் கருதியதாகத் தோன்றுகின்றது.